சினை அறிய ரத்தம் எடுப்பது

ஆடு சினையாகிவிட்டதா என்று நம் ஊரில் யாரைக் கேட்டாலும், "மறுபடி கிடாவுக்குக் கத்தலையே, அப்ப சினைதான்" என்பார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். வெள்ளாட்டுக்குப் பருவம் ஏறக்குறைய 21 நாளுக்கு ஒருமுறை வரும். கிடாவோடு சேர்த்த பிறகு அடுத்த முறை கத்தாமல், வாலை ஆட்டாமல், தீவனத்தை விட்டுவிட்டு வேலியோரம் போய் நிற்காமல் இருந்தால் சினை பிடித்துவிட்டதாகக் கணக்கு.

அமெரிக்காவில் கொல்லைப்புறத்தில் நாலைந்து பால் ஆடு வளர்க்கும் நமக்கு இந்தக் கணக்கு அடிக்கடி தப்பும். ஆல்பைன், சானென், நூபியன் போன்ற இனங்கள் பகல் குறையும் காலத்தில்தான் பருவத்துக்கு வருகின்றன. செப்டம்பரில் தொடங்கி ஜனவரி வாக்கில் அடங்கிவிடும். ஜனவரி தொடக்கத்தில் கிடாவோடு சேர்த்த ஆடு மாதக் கடைசியில் கத்தாமல் இருந்தால், அது சினையாகவும் இருக்கலாம். பருவகாலமே முடிந்து போயிருக்கவும் கூடும். மே மாதம் வரை வயிற்றைப் பார்த்துக் காத்திருந்துவிட்டு, சினை இல்லை என்று தெரிந்தால் அந்த ஆண்டுப் பால் போயிற்று. அதனால்தான் அக்டோபரிலேயே கிடாவைச் சேருங்கள், 30 நாள் கழித்து ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று சொல்கிறேன். சினை இல்லை என்று வந்தாலும் இன்னும் இரண்டு மூன்று பருவம் கையில் இருக்கும்.

இரண்டாவது காரணம் பொய்ச்சினை. கருவே இல்லாமல் கருப்பையில் நீர் கோத்துக்கொண்டு, வயிறு பெருத்து, சில ஆடுகளுக்கு மடிகூட இறங்கி, ஐந்து மாதத்தில் வெறும் நீராகக் கொட்டிவிடும் நிலை இது. பால் ஆடுகளில் இதை அவ்வப்போது பார்க்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் அசல் சினைக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. ரத்தத்தில் புரொஜெஸ்டிரோன் அளவை மட்டும் பார்க்கும் பரிசோதனையும் ஏமாந்துவிடும், ஏனென்றால் பொய்ச்சினையிலும் அந்த ஹார்மோன் உயர்ந்தேதான் இருக்கும். நாம் செய்யப்போகும் பரிசோதனை ஏமாறாது. காரணத்தைக் கீழே சொல்கிறேன்.

ரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்

கரு பதிந்து நச்சுக்கொடி வளரத் தொடங்கியதும், அதிலுள்ள இரட்டைக் கரு கொண்ட செல்கள் ஒரு புரதத்தைத் தாயின் ரத்தத்துக்குள் விடுகின்றன. சுருக்கமாகப் பி.எஸ்.பி.பி. என்பார்கள். ஐடாஹோ பல்கலைக்கழகத்தில் கார்த் சாஸர் இருந்த ஆய்வுக்குழு பசுவின் நச்சுக்கொடியில் இதைக் கண்டறிந்து 1982இல் வெளியிட்டது. பசுவுக்காகத் தொடங்கிய பரிசோதனை பிறகு ஆட்டுக்கும் செம்மறிக்கும் வந்தது. இப்போது 'பயோபிரின்' என்ற பெயரில் பல ஆய்வகங்கள் இதைச் செய்கின்றன. நச்சுக்கொடி இருந்தால்தான் இந்தப் புரதம் இருக்கும். பொய்ச்சினையில் நச்சுக்கொடியே கிடையாது. ஆகவே விடை 'இல்லை' என்றே வரும்.

இந்தப் புரதம் கணக்கிடத்தக்க அளவுக்குச் சேர நாள் வேண்டும். ஆட்டுக்கு 30 நாள். 28ஆம் நாள் கை பரபரக்கும், எடுக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. எங்கள் ஓஹாயோ வீட்டில் மல்லி என்ற நூபியன் ஆட்டை அக்டோபர் 4ஆம் தேதி கிடாவோடு சேர்த்தேன். நாள்காட்டியில் குறிக்கவில்லை, மனக்கணக்காக வைத்திருந்தேன். அக்டோபர் 28ஆம் தேதி ரத்தம் எடுத்து அனுப்பினேன். அன்று 24 நாள்தான் ஆகியிருந்தது. 'சினை இல்லை' என்று வந்தது. நவம்பரில் மறுபடி கிடாவோடு விட்டேன், அந்த நாளிலிருந்து எண்ணி ஏப்ரலில் குட்டி என்று முடிவு கட்டினேன். பாலையும் கறந்துகொண்டே இருந்தேன். மல்லி மார்ச் 3ஆம் தேதி இரவு ஈன்றுவிட்டாள். கொட்டிலில் வைக்கோல் பரப்பியிருக்கவில்லை, பக்கத்தில் யாரும் இல்லை, வெளியே உறைபனி. காலையில் போனபோது ஒரு குட்டி தாயின் பக்கத்தில் நின்றது. இன்னொன்று ஈரத்தோடு விறைத்துக் கிடந்தது. ஆய்வகத்தின் மேல் ஒரு தவறும் இல்லை. ஆறு நாள் முந்திக்கொண்டது நான்.

கிடாவைப் பெட்டைகளோடு மந்தையிலேயே விட்டிருந்தால் எந்த நாளில் சேர்ந்தது என்று தெரியாது. அப்போது கிடாவைப் பிரித்த நாளிலிருந்து 30 நாள் எண்ணிக்கொள்ளுங்கள். போன ஈற்றின் புரதமும் ஈன்ற பிறகு சில வாரங்கள் ரத்தத்தில் தங்கியிருக்கும். ஈன்ற சூட்டோடு மறுபடி சேர்த்த ஆட்டுக்கு எப்போது எடுக்கலாம் என்று ஆய்வகத்தைக் கேட்டுவிட்டு எடுங்கள்.

வாங்கி வைக்க வேண்டியவை

பட்டியல் சின்னதுதான். 20 கேஜ், ஒரு அங்குல ஊசி. 3 மில்லி சிரிஞ்சு. சிவப்பு மூடி போட்ட டியூப், அதாவது உள்ளே ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் போடாதது. ஸ்பிரிட், பஞ்சு, கையுறை, முடி வெட்டும் மெஷின், அழியாத மை பேனா. பண்ணைப் பொருள் கடைகளில் எல்லாம் கிடைக்கும். ஊசியும் சிரிஞ்சும் வாங்கச் சில மாநிலங்களில் மருத்துவரின் சீட்டு கேட்பார்கள், முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஊதா மூடி டியூப் வீட்டில் இருக்கிறதே என்று அதில் எடுக்க வேண்டாம். அதில் உறைவுத் தடுப்பு மருந்து இருக்கும், ஆய்வகம் எதைக் கேட்கிறதோ அதில்தான் அனுப்ப வேண்டும். சிவப்பு மூடியில் எடுத்த ரத்தத்தின் சீரத்தில் சி.ஏ.இ., ஜோன்ஸ் போன்ற நோய்ப் பரிசோதனைகளையும் பல ஆய்வகங்கள் சேர்த்தே செய்து கொடுக்கின்றன. ஒரே குத்தில் இரண்டு வேலை முடியும்.

ஆட்டுக்கு ஒரு ஊசி, ஒரு சிரிஞ்சு. இதில் சிக்கனம் பார்க்கவே கூடாது. சி.ஏ.இ. என்பது மூட்டை வீங்க வைத்து, மடியைக் கல்லாக்கி, குட்டிகளின் மூளையையும் தாக்கும் வைரஸ் நோய். மருந்து கிடையாது. ரத்தம் பட்ட ஊசியாலும் பரவும். நாலு ஆட்டுக்கு ஒரே ஊசியைப் போட்டு மிச்சம் பிடிப்பது சில காசு. இழப்பது மந்தையாக இருக்கலாம்.

2 மில்லி ரத்தம் போதும். எடுத்தால் ஆடு இளைத்துவிடுமோ என்று வீட்டில் பெரியவர்கள் கவலைப்படுவார்கள். 30 கிலோ எடையுள்ள நைஜீரியன் டுவார்ஃப் ஆட்டின் உடம்பில் ஏறக்குறைய 2 லிட்டர் ரத்தம் ஓடுகிறது என்று சொல்லுங்கள், சமாதானமாகிவிடுவார்கள். ஆனாலும் எடுப்பதற்கு முன் கீழ் இமையை இழுத்து உள்பக்கம் பாருங்கள். சிவப்பாகவோ நல்ல இளஞ்சிவப்பாகவோ இருந்தால் சரி. வெளுத்திருந்தால் ரத்தம் எடுப்பதைத் தள்ளிவையுங்கள். வயிற்றில் ரத்தம் உறிஞ்சும் புழு இருக்கலாம், முதலில் அதைக் கவனிக்க வேண்டும். எந்தக் குடற்புழு மருந்து கொடுப்பது என்று மருத்துவரிடம் கேட்கும்போது, சினையாக இருக்கலாம் என்பதையும் சொல்லிவிடுங்கள். அல்பெண்டசோல் போன்ற மருந்தைச் சினையின் முதல் மாதத்தில் கொடுத்தால் கருவைப் பாதிக்கும்.

பிடிப்பதுதான் வேலை

ரத்தம் எடுக்கத் தெரியவில்லை என்று என்னிடம் வருபவர்கள் பெரும்பாலும் ஊசியைப் பற்றியே கேட்கிறார்கள். நான் பார்த்தவரை தப்புவது ஆட்டைப் பிடிப்பதில். ஆடு அசையாமல் நின்றால் முதல்முறை எடுப்பவருக்கும் ரத்தம் வரும். தலையை உதறிக்கொண்டே இருந்தால் கைதேர்ந்தவருக்கும் வராது.

ஒரு வாரம் முன்பே தொடங்குங்கள். கறவை மேடையில் ஏற்றி, தீவனத்தைக் கொடுத்து, அது தின்னும்போது கழுத்தைத் தடவுங்கள். தாடையைப் பிடித்து மெல்ல உயர்த்துங்கள், விடுங்கள், ஒரு பிடி தீவனம் கொடுங்கள். கழுத்தின் அடியில் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். நாலைந்து நாளில் அந்த அழுத்தம் அதற்குப் பழகிவிடும். மெஷின் வைத்து முடி வெட்டுவதையும் முதல் நாளே முடித்துவிடுங்கள். மெஷின் சத்தமும் ஊசியும் ஒரே நாளில் வந்தால் ஆடு இரண்டையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ளும். குளிர்காலத்தில் நைஜீரியன் டுவார்ஃபுக்கு அடர்ந்த முடி இருக்கும், வெட்டாமல் கழுத்தின் ரத்தக்குழாய் தெரியாது.

எடுக்கும் நாளில் இரண்டு பேர் வேண்டும். பிடிப்பவர் ஆட்டின் பின்பக்கத்தைச் சுவரோடு ஒட்டி நிறுத்தி, ஒரு பக்கமாக நின்று, தாடைக்கு அடியில் கை கொடுத்துத் தலையை உயர்த்தி, எடுப்பவருக்கு எதிர்ப்பக்கமாகச் சற்றே திருப்ப வேண்டும். கொஞ்சம்தான். முறுக்கித் திருப்பினால் குழாய் தட்டையாகி மறைந்துவிடும். தொண்டையில் கை அழுந்தக் கூடாது, மூச்சு முட்டினால் எந்த ஆடும் நிற்காது. கொம்புள்ள ஆடானால் பிடிப்பவர் தம் முகத்தைக் கொம்புக்கு மேலே நீட்ட வேண்டாம். எங்கள் வீட்டில் பிடிப்பது என் மாமியார். அவர் ஆட்டின் காதருகே ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். அந்தக் குரல் நின்றால் ஆட்டின் உடம்பு இறுகுவதை என் விரலில் உணரலாம்.

குழாயைக் கண்டுபிடிப்பது

கழுத்தின் இரண்டு பக்கமும், மூச்சுக்குழாய்க்கும் கழுத்துத் தசைக்கும் நடுவே ஒரு பள்ளம் ஓடும். தாடைக் கோணத்தில் தொடங்கி மார்பு வரை இறங்கும். கழுத்துச் சிரை அந்தப் பள்ளத்தில் தோலுக்குச் சற்று அடியில் கிடக்கிறது. தமனி அதைவிட ஆழத்தில்.

இடது கைக் கட்டை விரலைப் பள்ளத்தின் கீழ்ப்பகுதியில், மார்புக்குச் சற்று மேலே வைத்து அழுத்துங்கள். தலையிலிருந்து இதயத்துக்கு இறங்கும் ரத்தம் விரலில் தடுக்கப்பட்டு, மேலே குழாய் நிரம்பும். இரண்டு மூன்று நொடி பொறுங்கள். முடி வெட்டிய இடத்தில் ஸ்பிரிட் தடவியிருந்தால், தோலுக்கு அடியில் ஒரு சுண்டுவிரல் தடிமனில் மேடு எழும்புவது கண்ணுக்கே தெரியும். வலது கை விரல் நுனியால் அந்த மேட்டைச் சுண்டுங்கள். நீர் நிறைந்த ரப்பர் குழாயைத் தட்டியது போல அதிர்வு ஓடி, அழுத்தியிருக்கும் கட்டை விரலில் வந்து மோதும். இப்போது கட்டை விரலை எடுங்கள், மேடு அமுங்கிப் போகும். மறுபடி அழுத்துங்கள், எழும்பும். அழுத்தினால் எழும்பி, விட்டால் அமுங்குவது எதுவோ அதுதான் சிரை. அழுத்தினாலும் விட்டாலும் அப்படியே இருப்பது தசை. தானாகத் துடிப்பது தமனி, அதன் பக்கம் போக வேண்டாம்.

இதை ஊசி இல்லாமல் பத்து முறை செய்து பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் மட்டுமே கண்டுபிடிக்க முடியும் வரை செய்யுங்கள். அதற்குப் பிறகுதான் ஊசி.

ஊசி போடும் நேரம்

டியூபில் ஆட்டின் பெயரையும் தேதியையும் முதலிலேயே எழுதிவிடுங்கள். ரத்தம் எடுத்த பிறகு எழுதலாம் என்று நினைத்தால் மூன்று டியூபும் ஒரே மாதிரி இருக்கும்.

சிரிஞ்சின் தண்டை ஒருமுறை இழுத்துத் தள்ளி இளக்குங்கள். ஊசியின் சாய்ந்த வாய் மேலே தெரியும்படி பிடியுங்கள். கட்டை விரலுக்கு மேலே, கழுத்தின் நடுப்பகுதியில், முனை ஆட்டின் தலையை நோக்கி இருக்க, தோலோடு 30 டிகிரி அளவுக்குச் சாய்த்து, தயங்காமல் ஒரே மூச்சில் தோலைத் தாண்டுங்கள். மெதுவாகக் குத்துவதுதான் இரக்கம் என்று தோன்றும். ஆட்டுக்கு அதுதான் வலி. தோலைத் தாண்டியதும் தண்டை மெல்ல இழுங்கள். கருஞ்சிவப்பாக ரத்தம் நுழைந்தால் கை அசையாமல் அப்படியே பிடித்து, நிதானமாக 2 மில்லி இழுங்கள். வேகமாக இழுத்தால் குழாயின் சுவர் ஊசி வாயில் ஒட்டிக்கொள்ளும், ரத்த அணுக்களும் உடைந்துவிடும்.

ரத்தம் வராவிட்டால் உள்ளேயே முனையை இடமும் வலமுமாகத் துழாவாதீர்கள். தோலுக்கு வெளியே வராத அளவுக்குப் பின்னால் இழுத்து, மேட்டை மறுபடி விரலால் பார்த்து, திசையைத் திருத்தி முன்னே தள்ளுங்கள். ஒரு பக்கம் இரண்டு முயற்சி. அதற்கு மேல் மறுபக்கம். அங்கும் வரவில்லை என்றால் அன்றைக்கு நிறுத்திக்கொண்டு, தீவனம் கொடுத்து அனுப்பிவிடுங்கள். 31ஆம் நாளும் 35ஆம் நாளும் இதே விடைதான் வரும், அவசரம் ஒன்றுமில்லை.

ரத்தம் பளிச்சென்ற சிவப்பில், துடித்துத் துடித்து வந்தால் தமனியைத் தொட்டுவிட்டீர்கள். பதற வேண்டாம். ஊசியை எடுத்துவிட்டு, பஞ்சை வைத்து 5 நிமிடம் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். இடையில் நின்றதா என்று எடுத்துப் பார்க்கக் கூடாது. அழுத்தியும் வீக்கம் பெரிதாகிக்கொண்டே போனால் மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

எல்லாம் சரியாக நடந்தால், முதலில் அழுத்தியிருக்கும் கட்டை விரலை எடுங்கள், பிறகு ஊசியை. வரிசை மாறினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டிக்கொள்ளும். பஞ்சால் ஒரு நிமிடம் அழுத்துங்கள்.

டியூபின் ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தினால் உள்ளே இருக்கும் வெற்றிடமே ரத்தத்தை இழுத்துக்கொள்ளும். நீங்கள் தள்ள வேண்டாம். டியூபைக் கையில் பிடித்துக்கொண்டு குத்தாமல், ஒரு மரக்கட்டையில் துளை போட்டு அதில் நிறுத்திவிட்டுக் குத்துங்கள். இந்த வேலையில் மனிதர்கள் தம் விரலில் குத்திக்கொள்வது இந்த ஒரு நொடியில்தான். ஊசிக்கு மறுபடி மூடி போட வேண்டாம். சலவைத் திரவம் வந்த கெட்டி பிளாஸ்டிக் குப்பியில் அப்படியே போட்டு, மேலே 'ஊசி' என்று எழுதி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நிரம்பியதும் அதை எங்கே கொடுப்பது என்று உங்கள் ஊர்க் குப்பை நிர்வாகம் சொல்லும்.

அனுப்புவதும் விடையைப் படிப்பதும்

டியூபை நிமிர்த்தி வைத்தால் சிறிது நேரத்தில் ரத்தம் உறைந்து, மேலே வைக்கோல் நிறத்தில் சீரம் பிரியும். குளிர்பெட்டியில் வைக்கலாம். உறைய வைக்கும் அறையில் வைத்தால் அணுக்கள் உடைந்து மாதிரி வீணாகும். உறிஞ்சும் தாளில் சுற்றி, கசியாத பையில் இட்டு, கெட்டிப் பெட்டியில் வைத்து, ஆய்வகத்தின் படிவத்தையும் சேர்த்துத் திங்கள் அல்லது செவ்வாய்க்கிழமை அஞ்சலில் போடுங்கள். வெள்ளிக்கிழமை போட்டால் சனி, ஞாயிறு முழுக்க எங்கோ கிடக்கும்.

விடை மின்னஞ்சலில் வரும். சினை இல்லாததை 'ஓப்பன்' என்று எழுதுவார்கள். 30 நாள் கழித்து எடுத்த ரத்தத்தில் 'ஓப்பன்' என்று வந்தால் அதை நம்பலாம், அடுத்த பருவத்தில் கிடாவைத் தேடுங்கள். 'சினை' என்று வந்தால் அன்றைய நிலவரம் அது. கரு பிறகு கலைந்துபோகலாம். கலைந்த பிறகும் அந்தப் புரதம் சில நாள் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். கறை கண்டாலோ, மறுபடி பருவத்துக்கு வந்தாலோ, இன்னொரு முறை எடுத்துப் பார்ப்பதில் தவறில்லை. எத்தனை குட்டி என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. அதற்கு ஸ்கேன்தான்.

தமிழ்நாட்டிலிருந்து இதைப் படிப்பவர்கள் இந்த அத்தியாயத்தை வைத்துக்கொண்டு ஊசியை எடுக்க வேண்டாம். அங்கே மாதிரியை அஞ்சலில் அனுப்பும் ஏற்பாட்டைவிடக் கால்நடை மருத்துவர் ஸ்கேன் வைத்துப் பார்ப்பதே எளிது. 40 நாளுக்கு மேல் ஆன சினை அதில் நன்றாகத் தெரியும். இங்கே இருப்பவர்களும் முதல் முறை ஒரு மருத்துவரையோ, பலமுறை எடுத்துப் பழகிய ஆட்டுக்காரரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு எடுங்கள்.

'சினை' என்று விடை வந்ததும், கிடாவோடு சேர்த்த நாளிலிருந்து 150 எண்ணி ஈனும் நாளைக் குறியுங்கள். நைஜீரியன் டுவார்ஃப் ஐந்து நாள் முந்தலாம். அதிலிருந்து 60 நாள் பின்னால் வந்து பாலை வற்றவைக்கும் நாளையும், 30 நாள் பின்னால் வந்து துள்ளுமாரி, டெட்டனஸ் தடுப்பூசி போடும் நாளையும் குறியுங்கள். இவை எல்லாவற்றுக்கும் அடிப்படை கிடாவோடு சேர்த்த அந்த ஒரு தேதி. கிடா இறங்கிய அன்றே, கொட்டிலை விட்டு வெளியே வருவதற்கு முன்பே, அதை எழுதி வையுங்கள். எங்கள் கொட்டில் கதவில் இப்போது ஒரு நாள்காட்டி தொங்குகிறது. பக்கத்திலேயே நூலில் கட்டிய பென்சிலும்.